131 தனித் தொகுதிகள், 3 எதிர்ப்பு ஓட்டுகள்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம்ம எம்.பி. பாராளுமன்றத்துல என்ன செஞ்சார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, அதைப் பத்திப் பேசுங்க" என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர்கள் கேட்டார்கள். வழக்கமாக இதற்குப் பதிலாக ஒரு நோட்டீசு வரும். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்வி இத்தனை, கலந்துகொண்ட விவாதம் இத்தனை. பள்ளிக்கூடத்து மார்க் சீட்டு மாதிரி. பையன் தினமும் வகுப்புக்கு வந்தான் என்பதற்கு அது அத்தாட்சி. பரீட்சையில என்ன எழுதினான்? அது அந்தத் தாளில் இருக்காது.

அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதுதான் விசயம். அதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்போர் கத்துகிறார்கள், 'இல்லை' என்போர் கத்துகிறார்கள், ஆம் என்போரே அதிகம் என்று சபாநாயகர் அறிவித்துவிடுகிறார். யார் கத்தினார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்? பதிவே கிடையாது. ஊருக்கு வந்து எதிர்த்தேன் என்றும் சொல்லலாம், ஆதரித்தேன் என்றும் சொல்லலாம்.

ஆனால் அரசியல் சாசனத்தைத் திருத்தும்போது இப்படித் தப்ப முடியாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று எண்ணிக் காட்டியாக வேண்டும். எண்ணினால் பெயர் பதிவாகும். அதனால் நான் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். 2019 சனவரி 8.

அன்றைக்குத்தான் 103ஆவது திருத்தத்துக்கான மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம். அன்று இரவே நிறைவேற்றினார்கள். மறுநாள் மாநிலங்களவை. 14ஆம் தேதி நடைமுறைக்கே வந்துவிட்டது. நம்ம ஆளு ஒரு சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு எத்தனை நாள் நடக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் திருத்தம் என்ன சொல்கிறது? ஏழைக்கு ஒதுக்கீடு என்கிறது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவர் யாருக்கும் அதில் இடமில்லை. அரசு வைத்த வரம்பின்படி, வருசத்துக்கு எட்டு லட்சத்துக்குக் கீழே குடும்ப வருமானம் உள்ள ஒருத்தர் ஏழை. பறையரோ சக்கிலியரோ பள்ளரோ கூலி வேலை செய்து கால்வயிற்றுக் கஞ்சி குடித்தாலும் இந்தச் சட்டத்தின் கணக்கில் அவர் ஏழை இல்லை. நாம் வறுமைக்காக இட ஒதுக்கீடு கேட்டவர்கள் இல்லை, தீண்டாமைக்காகக் கேட்டவர்கள். அந்த அடிப்படையையே அன்று மாற்றினார்கள்.

ஓட்டுக் கணக்கு: ஆதரவு 323, எதிர்ப்பு 3.

அந்த மூன்று பேர் யார்? ஐதராபாத்தின் அசதுதீன் ஒவைசி. முஸ்லிம் லீக்கின் குஞ்ஞாலிக்குட்டி, முகமது பஷீர். மூன்று பேரும் பொதுத் தொகுதிக்காரர்கள். மக்களவையில் பட்டியல் சாதிக்கு 84 தனித் தொகுதி, பழங்குடிக்கு 47. ஆக 131. அந்த 131 தொகுதியிலிருந்து போனவர்களில் ஒருத்தர் பெயர்கூட எதிர்ப்புப் பட்டியலில் இல்லை. ஹாஜிபூர் தனித் தொகுதியிலிருந்து போன ராம் விலாஸ் பாஸ்வான் ஆதரித்தே பேசினார். வெளியே இருந்த மாயாவதியும் ஆதரவு.

நம்ம தமிழ்நாடு? இங்கே ஏழு தனித் தொகுதிகள். அன்றைக்கு ஏழும் அ.தி.மு.க. கையில். அந்தக் கட்சியின் தம்பிதுரை சபையில் எதிர்த்துப் பேசினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டெடுப்பு வந்தபோது கட்சி வெளிநடப்பு செய்துவிட்டது. வெளிநடப்பைப் பெரிய வீரமாக இங்கே சுவரொட்டி ஒட்டுவார்கள். கணக்கைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்பது உள்ளே இருந்து ஓட்டுப் போட்டவர்களை வைத்து எண்ணுவது. எதிர்க்கிறவன் எழுந்து போனால் அந்தப் பங்கு இன்னும் சுலபமாகக் கிடைக்கும்.

மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய கனிமொழியின் தீர்மானமும் தோற்றது. 2022 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் திருத்தம் செல்லும் என்றது. நம்மை விலக்கி வைத்தது தவறு என்று அங்கே இரண்டு நீதிபதிகளாவது, லலித்தும் ரவீந்திர பட்டும், எழுதி வைத்தார்கள். 131 தொகுதிக்காரர்கள் ஓட்டில் சொல்லாததை!

"அவங்க என்னங்க பண்ணுவாங்க, கொறடா உத்தரவு இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடாவை மீறினால் பதவி போகலாம். ஆனால் நோய் 1985க்கு முந்தியது. 1932இல் மக்டொனால்டு தீர்ப்பு நமக்கு 71 இடமும் இரட்டை ஓட்டும் தந்தது. பூனா ஒப்பந்தம் 148 இடம் தந்து தனித்தொகுதி ஓட்டைப் பறித்தது. எண்ணிக்கை கூடியது, நாக்கு போனது. 1938இல் சென்னை சட்டசபையில் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பிரதமர் ராஜாஜி எதிர்த்தார், காங்கிரஸ் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. தனி இடங்களில் பெரும்பாலானவற்றை வென்றிருந்ததும் அதே காங்கிரஸ்தான். 1924இல் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்குத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிய இரட்டைமலை சீனிவாசனோ நியமன உறுப்பினர். கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லாத காலம்!

கேள்வி கேட்பதையும் லேசாக நினைக்காதீர்கள். 2021 சூலையில் மலம் அள்ளும் தொழிலில் நிகழ்ந்த சாவுகள் பற்றி மாநிலங்களவையில் கேள்வி. கேட்டவர்களில் மல்லிகார்ஜுன கார்கே ஒருவர். அப்படிச் சாவே பதிவாகவில்லை என்று பதில் வந்தது. சாக்கடைக் குழிக்குள் செத்தவர்களை அரசு வேறு தலைப்பில் எழுதி வைத்திருக்கிறது, அதனால் இந்தத் தலைப்பில் பூச்சியம்! பதில் சொன்ன அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, தலித் பேந்தரில் இருந்தவர்.

ஆகவே வருகைப் பதிவேட்டை விடுங்கள். மக்களவை விவாதங்களின் அச்சிட்ட பதிவில், எண்ணி எடுத்த ஓட்டெடுப்புக்குக் கீழே ஆதரித்தவர் பெயரும் எதிர்த்தவர் பெயரும் வரிசையாக இருக்கும். உங்கள் எம்.பி. பெயரை இரண்டு பட்டியலிலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சேரிக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுங்கள்.