லவண்டர்: பெயரும் மருந்தும்
(பொன்விழாச் சுகாதார நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லவண்டர் என்றதும் சிங்கப்பூரில் வாழும் நமக்குப் பூ நினைவுக்கு வருவதில்லை. ரயில் நிலையம்தான் வருகிறது. லவண்டர் ஸ்ட்ரீட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் வந்த கதையைப் பெரியவர்கள் அறிவீர்கள். அப்போது அங்கே காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அவற்றுக்கு மனிதக் கழிவை எருவாக இட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருவுக்குக் கேலியாகச் சூட்டிய பெயர் அது. பெயரில் உள்ள மணம் பொருளிலும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும் என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி.

இந்தத் தலைப்பை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. துணையை இழந்த முதியோர் பலர் இரவெல்லாம் புரண்டு படுக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகள்மாரும் மருமகள்மாரும் பஜ்ர் பாங்கு வரை கண் மூடுவதில்லை. வெளியில் சொன்னால் மனநோய் என்று பேர் வந்துவிடுமோ என அஞ்சி, கடையில் விற்கும் சிறு குப்பியில் நிம்மதி தேடுகிறார்கள். அந்தக் குப்பி எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொள்வோம்.

லவண்டர், துளசிக்கும் புதினாவுக்கும் உறவுக்காரச் செடி. மத்தியதரைக் கடலோரம் அதன் தாயகம். அதில் ஒரு வகையைக் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அரபு மருத்துவர்கள் அதை உஸ்தூகூதூஸ் என்றார்கள். இப்னு சீனாவின் நூலிலும் அது இடம்பெற்றது. யூனானி ஹக்கீம்கள் அதை 'மூளையின் துடைப்பம்' என்று அழைத்து, தலைவலிக்கும் மனக் கலக்கத்துக்கும் கொடுத்து வந்தார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியச் சரக்கு அல்ல.

பிரான்சில் கட்ஃபோசே என்ற வேதியியலாளர் 1910இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் தீக்காயம் பட்டார். காயம் அழுகத் தொடங்கியபோது லவண்டர் எண்ணெயால் கழுவிக் குணம் கண்டதாக எழுதினார். 1937இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே 'அரோமாதெரபி' என்ற சொல்லைப் பரப்பியது. ஆனால் ஒருவர் கண்ட பலன் எல்லோருக்கும் விதியாகாது. தீக்காயம் பட்டால் நாம் முதலில் செய்ய வேண்டியது குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? லவண்டர் எண்ணெயின் முக்கியப் பொருள்கள் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு. மருந்துத் தரத்தில் தயாரித்த 80 மில்லிகிராம் மாத்திரையை ஜெர்மனியில் மனப்பதற்றம் உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரத்தில் அது குறைந்த அளவு லொராசெபாம் மருந்துக்கு நிகரான பலன் தந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 77 பேர்தான். இத்தகைய ஆய்வுகள் பலவும் தயாரிப்பாளரின் ஆதரவோடு நடந்தவை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முகர்வதால் தூக்கம் ஓரளவு மேம்படுகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ புற்றுநோயையோ அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வீட்டில் பயன்படுத்தும் முறை எளிது. ஒரு பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தலையணை அருகே வைக்கலாம். உடம்பில் தேய்ப்பதானால் 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். பெரியவர்களுக்குக் கால் பிடித்துவிடும்போது அந்த எண்ணெயோடு நம் கையும் சேர்கிறது. பாதி மருந்து அந்தக் கைதான்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. குப்பி எண்ணெயைக் குடிக்கக் கூடாது. ஆய்வில் கொடுத்த மாத்திரை வேறு, இது வேறு. பிள்ளைகள் விழுங்கிவிட்டால் வாந்தியும் மயக்கமும் வரும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய் தோலில் அரிப்பை உண்டாக்கும். நம் ஊர் வெக்கையில் இறுக மூடி, நிழலில் வையுங்கள். தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். 'லவண்டர் வாசம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செயற்கை மணமே. உண்மையான எண்ணெயானால் 'லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயர் சீட்டில் இருக்க வேண்டும்.

நிறைவாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது குப்பியால் தீரும் காரியம் அல்ல. பாலிகிளினிக்குக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நோயைக் கொடுத்தவன் மருந்தையும் கொடுத்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். மருத்துவரை நாடுவதும் அந்த நம்பிக்கையில் சேர்ந்ததே. ஐம்பது ஆண்டுகளாகக் கல்யாணத்துக்கும் மையத்துக்கும் ஒன்றாக நின்ற இந்தச் சங்கத்தார், இனி தூக்கம் வராத வீட்டுக் கதவையும் தட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.