முந்திரிக்காட்டில் ஒரு கோடை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் படக்காட்சியுடன் ஆற்றிய உரை)

 

முதலில் ஒரு கேள்வி. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா, பாதி அரங்கம்! அப்படியானால் நான் காட்டப்போகும் படங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல; மறந்து போனவை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினேன். சென்ற கோடையில் இரண்டு மாதம் சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் அண்ணன் வீட்டில் தங்கினேன். படம் என்றால் பறவை என்றுதான் என் எண்ணம். மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்குப் புறப்பட்டேன். 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஏரி அது. ஆனால் வரித்தலை வாத்து முதலிய விருந்தாளிகள் வருவது பனிக்காலத்தில். சித்திரை வெயிலில் நான் போய் நின்றால் யார் இருப்பார்கள்? நாலு கொக்கும், தூரத்தில் சில எருமைகளும். இதோ, முதல் படம் எருமைதான். சிரிக்காதீர்கள்!

வெறுங்கையோடு திரும்பி, அண்ணனுடைய முந்திரிக்காட்டில் உட்கார்ந்தேன். காலடியில் மணலில் சின்னச் சின்னக் குழிகள். குழியானை! மேக்ரோ லென்ஸ் என்னிடம் இல்லை. ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸை வளையம் போட்டுத் தலைகீழாக மாட்டினேன். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் ஒட்டினேன். அவ்வளவுதான் என் செலவு. இந்த முறையில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூச்சு விட்டால் படம் கலங்கும். இரண்டாவது படத்தைப் பாருங்கள்: அரிவாள் போன்ற இரண்டு தாடைகள். குழியில் சறுக்கி விழும் எறும்பைப் பிடித்து உறிஞ்சும் இந்தப் புழுதான் பின்னால் தும்பி போல மெல்லிய சிறகு முளைத்துப் பறக்கிறது.

அடுத்தது பொன்வண்டு. இந்தப் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது ஆடாமல் இருக்க, யாரோ சொன்ன யோசனைப்படி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தேன். படம் நன்றாக வந்தது. வண்டு அதற்குப் பிறகு அசையவே இல்லை. அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து போகிறேன். இரவுக் குளிரில் மந்தமாகிப் போன பூச்சிகள் வெயில் ஏறும் வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். தூக்கத்தை விட்டால் போதும், உயிரை எடுக்க வேண்டியதில்லை.

இனிமேல் வருவதுதான் முக்கியமான படங்கள். முந்திரி மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு என்னும் செவ்வெறும்பு. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாற்றி மாற்றித் தொட்டு எடுக்கின்றன. புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு இழைதான் தையல். ஜெயங்கொண்டம் பக்கத்து நண்பர்களுக்குத் தறியில் ஓடும் நாடா ஞாபகம் வரும்.

அந்த வாரம் அண்ணன் மருந்து டப்பாவோடு வந்தார். "கொட்ட பொறுக்க வர்ற பொம்பளைங்க வர மாட்டேங்குறாங்கடா. கடிச்சா ராவெல்லாம் எரியுதாம். கூட்டையெல்லாம் அழிக்கப் போறேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடித்த இடத்தில் அமிலமும் பீய்ச்சும் எறும்பு அது. எனக்கே கை வீங்கியிருந்தது.

அன்று காலை எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நான்கு முசுறுகள் ஒரு பூச்சியை இழுத்துப் போகின்றன. அதன் முதுகில் குண்டூசி குத்தி வைத்தாற்போல ஒரு முள் நிற்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். தேயிலைக் கொசு! பெயர்தான் கொசு. முந்திரியின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சி அவற்றைக் கருகச் செய்யும் எதிரி. வெறுங்கண்ணுக்கு அந்த முள் சரியாகப் படாது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இந்தப் பூச்சிக்காகத்தான் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. சீனத்திலோ சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே பழத்தோட்டப் பூச்சிகளை அடக்க இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். அதற்காக முசுறு முழுக்க நல்லது என்று சொல்ல வரவில்லை. தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியைப் பாதுகாத்து வளர்ப்பதும் இதே எறும்புதான்.

அண்ணன் கடைசியில், "சரி, மேலண்டப் பக்கம் அஞ்சு மரத்த விட்டு வைக்கிறேன். அடுத்த வருஷம் காப்பு பாத்துட்டுப் பேசலாம்" என்றார். பொறுக்க வரும் பெண்களில் ஒருவர், "கை கால்ல சாம்பலத் தடவிக்கிட்டா ஏறாது தம்பி, எங்க ஆயா அப்படித்தான் செய்யும்" என்றார். மற்ற மரங்களின் கூடுகள் போய்விட்டன. ஐந்து மரம் நிற்கிறது.

யானைகளைக் கால்நடையாகப் பின்தொடர்ந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்த எம். கிருஷ்ணன் (1912–1996) 1950 முதல் தம் இறுதி நாள் வரை, 46 ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைப் பத்தி எழுதினார். பார்த்ததை எழுதியும் வைத்தார் என்பதுதான் நமக்குப் பாடம். மாணவச் செல்வங்களே, உங்கள் கையில் இருக்கும் செல்போனே போதும். படத்தோடு தேதி, இடம், செடி, அந்தப் பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பறவைக் கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். எடுத்த படத்தை முதலில் அந்த நிலத்துக்காரரிடம் காட்டுங்கள். அவர் பார்க்க வேண்டிய படமாகவும் அது இருக்கலாம்.

அடுத்த சந்திப்பில் அந்த ஐந்து மரங்களின் காப்புக் கணக்கோடு வருகிறேன்; கூடினாலும் குறைந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.