பிள்ளையோடு யார் இருப்பது?



பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று தெரிந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்: "எங்கயாவது ஒரு ஹோம்ல ஆறு மாசம் விட்டுப் பாப்பமா?" கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ராத்திரி முழுக்கக் காவல் இருந்து களைத்துப்போன அப்பாவாக இருப்பார். ஊர் வாய்க்குப் பயந்த தாய்மாமனாக இருப்பார். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சங்குகுளிக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவர்கள் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நாட்டுப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போது அதற்கும் போவதில்லை. தூக்கம் கிடையாது. மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறான், தட்டில் சோற்றை வைத்தால் அதில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்கிறான். "கடல்ல பயந்துட்டான்" என்று பாட்டி சொல்வாள். கஞ்சா என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இரண்டும் இல்லாமல் அது மனச்சிதைவின் தொடக்கமாகவும் இருக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின் கணக்குப்படி, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் அந்த மாதிரிப் பிள்ளையை முதலில் கூட்டிப்போகும் இடம் ஆஸ்பத்திரி இல்லை, கோயில்தான். புளியம்பட்டி அந்தோணியார், உவரி அந்தோணியார், ஏர்வாடி தர்கா. எந்தச் சாமி என்பதில் இங்கே யாரும் சாதி, மதம் பார்ப்பதில்லை. புளியம்பட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நோயாளியை அங்கே விட்டுவிட்டு யாரும் திரும்பிவிடுவதில்லை. அம்மாவோ அக்காவோ அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய், வாரக்கணக்கில் கூடவே தங்குவார்கள். பேய் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிற நோயை இரண்டு வருஷம் தள்ளிப்போட வைக்கிற இடங்கள் இவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் கூட இருத்தல் இருக்கிறதே, அதை மட்டும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கூட யாரும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை இதே மன்னார் வளைகுடாக் கரைதான் நாட்டுக்கே காட்டியது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓடமுடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பலரை அங்கே விட்டுப்போனவர்கள் சொந்தக் குடும்பத்தார்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கைக் கையில் எடுத்தது. அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். பிற்பாடு தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவம் வந்தது. பிரார்த்தனையும் நடக்கும், மருந்தும் கிடைக்கும் என்ற ஏற்பாடு.

பிள்ளையைப் பிரித்து அனுப்புவது நம் ஊர் ஏழ்மையால் வருகிற பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் அது பெரிய தொழில். அடங்காத பிள்ளைகளைத் 'திருத்தும்' விடுதிகள் அங்கே ஏராளம். ஆள் வைத்து நடுராத்திரியில் படுக்கையிலிருந்து பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோவதும் உண்டு. பாரிஸ் ஹில்டன் என்ற பிரபலம், பதின்வயதில் தனக்கு அப்படியோர் இடத்தில் நேர்ந்ததை 2021இல் யூட்டா மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சொன்னார். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை அவர். இந்த விடுதிகளில் நடக்கும் கொடுமைகளை ஆராய 2024 டிசம்பரில்தான் அங்கே தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது.

நம்மிடம் அதற்கு முன்பே சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதன் 87ஆவது பிரிவு முழுக்கப் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை உள்நோயாளியாகச் சேர்ப்பது பற்றியது. வீட்டில் வைத்தே பார்க்க முடியாது என்று ஆன பிறகுதான் சேர்க்க வேண்டும். ஒரு டாக்டர் சொன்னால் போதாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வார்டில் பிள்ளையைப் போடக்கூடாது. பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ, சேர்த்த நாளிலிருந்து வீடு திரும்பும்வரை கூடவே தங்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் தங்குபவர் பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று நாளுக்குள் மனநல மீளாய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், முப்பது நாள் தாண்டினால் வாரியம் அதை விசாரித்தே ஆக வேண்டும். சங்கிலி யாருக்கும், எந்த விதத்திலும் கூடாது.

ஆக, "ஆறு மாசம் விட்டுட்டு வாங்க, நடுவுல பாக்க வரவேண்டாம்" என்று ஓர் இடத்தில் சொன்னால் அது வைத்தியம் இல்லை. சட்டமும் அதை ஏற்காது.

இந்தக் கூடத் தங்கும் முறையை வெளிநாட்டுக்காரர்கள் நமக்குச் சொல்லித்தரவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடநெருக்கடி. டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரை அங்கே தங்கவைத்தார். சொந்தபந்தம் பக்கத்தில் இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள், வீட்டுக்கும் திரும்பினார்கள். அதே பத்தாண்டில் வேலூர் சி.எம்.சி.யில் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் மனநலப் பிரிவைத் தொடங்கினார். அங்கேயும் குடும்பம் கூடத் தங்குவதுதான் வழக்கமானது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக அவர்கள் நடத்தும் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் சேர்ந்துதான் பயிற்சி எடுக்கிறார்கள்.

நல்ல வார்டில் என்ன நடக்கும்? பையன் எப்போது தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று நர்ஸ்கள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். காலையில் எழுந்திருக்க, விளையாட, படிக்க என்று நேரம் வைத்துப் பழக்குவார்கள். அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், சில நாள் பிள்ளையைவிட அவர்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். பல பிள்ளைகள் சில வாரங்களிலேயே வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு மாதாமாதம் புறநோயாளியாக வந்தால் போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் வார்டு வேண்டாம். பரீட்சையில் தோற்றவன், காதலித்தவள், எந்நேரமும் செல்போன் பார்க்கிறவன், இவர்களையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தண்டனை. உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்க்கிற பிள்ளை, சாப்பாட்டை விட்ட பிள்ளை, நிஜம் எது நினைப்பு எது என்று பிரித்தறிய முடியாமல் தவிக்கிற பிள்ளை, இவர்களுக்குத்தான் வார்டு.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். அந்த மீன்கார அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் தங்கினால், வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கு யார் பொங்கிப்போடுவது? வட்டிக்காரருக்கு யார் பதில் சொல்வது? கூடத் தங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தங்குபவரின் கூலிக்கு வழி சொல்லவில்லை. அதனால்தான் அந்தத் தாய் கடைசியில் ஹோமுக்குச் சம்மதிக்கிறாள். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் வளரிளம் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில கட்டில்கள், பக்கத்தில் கூட இருப்பவருக்கும் ஒரு கட்டில், அந்த நாட்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை. அரசு இதைச் செய்ய வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கும் அரசுக்கு இந்தக் கணக்கு புரியாதது அல்ல.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஓர் இடத்தில் சேர்க்கச் சொன்னால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். நான் கூடத் தங்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். என்ன செய்வதென்றே தெரியாத ராத்திரியில் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.