நீரிழிவுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் துணையாகுமா?

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆனி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்ததும் செங்கோட்டையில் சாரல் தொடங்குகிறது. குற்றாலத்துச் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிகின்றன. அவற்றின் அருகிலேயே தேன்நெல்லிப் புட்டிகளும், சர்க்கரை நோய்க்கு நல்லவை என்று சொல்லி விற்கப்படும் மூலிகைப் பொடிகளும் இருக்கின்றன. ஊருக்குள் மருந்துக் கடைக்குச் சென்றால் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் ஆகியவை மாத்திரை வடிவில் கிடைக்கின்றன. இவை அனைத்துக்கும் இன்று வழங்கும் பொதுப்பெயர் ஆன்டிஆக்சிடன்ட் என்பதாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். எனவே இந்தப் புட்டிகள் நுழையாத வீடு அரிது. இவற்றைக் குறித்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவை பயன் தருமா என்பது முதற்கேள்வி. இவற்றை நம்பி வீட்டில் எது கைவிடப்படுகிறது என்பது இரண்டாவது கேள்வி. உயிருக்கும் கண்ணுக்கும் காலுக்கும் நேரும் இழப்பு பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

கொள்கை எங்கிருந்து வந்தது?

இரும்பு காற்றுப்பட்டுத் துருப்பிடிப்பதை அனைவரும் கண்டிருப்பர். உடலுக்குள்ளும் ஆக்சிஜன் பயன்படும்போது நிலையற்ற சில மூலக்கூறுகள் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்குகின்றன. அவற்றைத் தணிக்கும் பொருள்களே ஆன்டிஆக்சிடன்டுகள். குருதியில் சர்க்கரை மிகும்போது இரத்தக்குழாய்களின் உட்சுவரிலுள்ள அணுக்களில் இந்த மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உண்டாகின்றன என்பதையும், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேட்டுக்கு அது ஒரு பொது வேராக இருக்கலாம் என்பதையும் அமெரிக்க மருத்துவ அறிஞர் மைக்கேல் பிரௌன்லீ 2004-ஆம் ஆண்டு நிகழ்த்திய பேண்டிங் நினைவுச் சொற்பொழிவில் விளக்கினார்.

ஆகவே ஆன்டிஆக்சிடன்ட் பற்றிய பேச்சு வெறும் விளம்பரக் கற்பனை அன்று. அதன் பின்னே மெய்யான அறிவியல் உண்டு. ஆயினும் நோய்க்கு ஒரு காரணம் இது என்று கண்டறிவது ஒன்று; அக்காரணத்தை ஒரு மாத்திரை நீக்கும் என்று மெய்ப்பிப்பது வேறொன்று. அதற்கு ஆயிரக்கணக்கானோருக்குப் பல ஆண்டுகள் மாத்திரை கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அதுவும் செய்யப்பட்டிருக்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் கொட்டாரக்கரை. அங்கே பிறந்து, பின்னர் கனடாவில் பணியாற்றிய இதயநோய் அறிஞர் சலீம் யூசுஃப். அவர் தலைமையில் நடைபெற்ற ‘ஹோப்’ என்னும் ஆய்வில் 55 வயதைக் கடந்த 9,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அவர்களுள் 3,654 பேர் நீரிழிவு உடையவர்கள். பாதிப்பேருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ கொடுக்கப்பட்டது. மீதிப்பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரை. ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளின் முடிவில் மாரடைப்பிலோ, பக்கவாதத்திலோ, சிறுநீரகக் கேட்டிலோ இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

நீரிழிவு வராமலாவது தடுக்குமா என்று பார்க்க, அமெரிக்காவில் 6,574 பெண்களுக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முடிவும் இல்லை என்பதே.

செலினியத்தின் கதை இன்னும் எச்சரிக்கையானது. தோல் புற்றுநோயைத் தடுக்கும் நோக்கில் நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்த ஓர் ஆய்வை 2007-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, செலினியம் உண்ட 600 பேரில் 58 பேருக்கும், வெற்று மாத்திரை உண்ட 602 பேரில் 39 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. தடுக்கும் என்று எண்ணிய பொருளை உண்டவர்களிடமே நோய் மிகுந்திருந்தது. வைட்டமின் ஈ நாள்தோறும் 400 அலகு உண்ட ஆண்களிடம் விந்துச்சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்ததை 2011-இல் மற்றொரு பேராய்வு காட்டியது.

நடுவுநிலைமையோடு மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். நீரிழிவின் வாயிலில் நின்ற 240 பேரைக் கொண்டு தாய்லாந்தில் நடைபெற்று 2012-இல் வெளிவந்த ஆய்வில், ஒன்பது மாதம் குர்குமின் உண்டவர்களுள் ஒருவருக்கும் நீரிழிவு வரவில்லை, உண்ணாதவர்களுள் 16.4 விழுக்காட்டினருக்கு வந்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. எனினும் ஒரே ஓர் ஆய்வைக் கொண்டு நெடுங்கால மருத்துவத்தை வகுத்துவிட இயலாது. ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் கால் எரிச்சலுக்கு ஜெர்மனியில் நெடுங்காலமாக வழங்கப்படுகிறது. 460 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வில் நரம்புக் குறைபாட்டின் சில அறிகுறிகள் ஓரளவு தணிந்தன. ஆனால் ஆய்வின் முதன்மைக் குறிக்கோள் நிறைவேறவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதை உண்பதில் தவறில்லை. அது சர்க்கரை மாத்திரைக்கு மாற்றாகாது என்பதே கருத்தில் கொள்ளத்தக்கது.

ஏன் பலிக்கவில்லை?

கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் வீடு உலராது. சர்க்கரை மிகுந்திருக்கும் வரை தீங்கு செய்யும் மூலக்கூறுகள் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். பிறந்த பின் அவற்றைத் துடைக்கும் வேலையையே மாத்திரை செய்கிறது. ஒழுக்கை அடைப்பது சர்க்கரையைக் குறைப்பதுதான். பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரைக் கொண்டு நடைபெற்ற பேராய்வில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஒரு விழுக்காடு குறைந்திருந்த இடத்தில் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்க் கேடுகள் 37 விழுக்காடு குறைந்திருந்தன. எந்த ஆன்டிஆக்சிடன்ட் புட்டியும் இதற்கு ஈடான பயனைக் காட்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மூலக்கூறுகள் முற்றிலும் பகையானவை அல்ல. சிற்றளவில் அவை உடலுக்கு அறிவிப்பாளராகவும் பணிபுரிகின்றன. உடற்பயிற்சியின்போது அவை சிறிது தோன்றுவதால்தான் தசைகள் இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கக் கற்கின்றன. 2009-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்றில், நான்கு வாரம் பயிற்சி செய்தவர்களுள் வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 அலகும் சேர்த்து உண்டவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. மாத்திரை உண்ணாதவர்களுக்கே கிட்டியது. காலையில் நடந்து பெற்ற பயனை அன்றைய மாத்திரையே பறித்துவிடக்கூடும்.

புட்டியை வாங்குவோர் அறிய வேண்டியவை

முதலாவது, வைட்டமின் சி-யைப் பேரளவில் உண்டால், வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சில கருவிகள் சர்க்கரையை உள்ளதைவிட மிகுத்துக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும்.

இரண்டாவது, பாகற்சாறு, வெந்தயப்பொடி, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் போன்றவற்றைச் சர்க்கரை மாத்திரைகளோடு சேர்த்துக்கொள்வோர் மருத்துவரிடம் அதை மறைக்கலாகாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும்.

மூன்றாவது, அகிம்சை போற்றும் இல்லங்களுக்கு உரியது. வைட்டமின் ஈ நிரப்பிய மென்குளிகைகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் புட்டியில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். மருந்து வகையைச் சேர்ந்தவற்றில் அக்குறியை எதிர்பார்க்க இயலாது. மருந்தாளுநரிடம் கேட்டறிதல் வேண்டும். எனினும் மருத்துவர் எழுதிய இன்றியமையாத மருந்து குளிகையில் இருக்கிறது என்பதற்காக அதைத் தாமே நிறுத்துதல் கூடாது. குளிகைக்குப் பதிலாக மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்டால் பல மருந்துகளுக்கு வழி உண்டு.

உண்மையில் குறைவது எது?

மரக்கறி உணவினருக்கு வைட்டமின் சி குறைவது அரிது. ஆடவருக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமும் பெண்டிருக்கு 65 மில்லிகிராமும் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. நூறு கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லியும் அதற்குக் குறைந்ததன்று.

குறையக்கூடியது பி12 என்னும் வைட்டமின். அது தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு வழி. இதற்கு மேல், நீரிழிவுக்கு முதன்மையாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐ உடல் ஏற்பதைக் குறைக்கிறது. நெதர்லாந்தில் இன்சுலின் எடுத்துக்கொள்ளும் 390 பேரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வில், மெட்ஃபார்மின் உண்டவர்களின் குருதியில் பி12 அளவு 19 விழுக்காடு தாழ்ந்தது.

பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும், நடை தள்ளாடும். நீரிழிவினால் வரும் நரம்புக் கேடும் அவ்வாறே தோன்றும். ‘சர்க்கரையால் வந்தது’ என்று எண்ணி ஆன்டிஆக்சிடன்ட் புட்டியை வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பவருக்கு உண்மைக் காரணம் பி12 குறைபாடாக இருக்கலாம். காலத்தே கண்டால் அது பெரிதும் சீர்படும், நாள் கடந்தால் நரம்பு மீளாது. ஆகவே பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உண்ணும் மரக்கறி உணவினர் எவரும் ஒருமுறையேனும் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுதல் நன்று. அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. பி12-ஐச் சேர்த்துக்கொண்டால் போதும்.

தட்டிலும் வாழ்க்கை முறையிலும் உள்ள துணை

கீரை, காய், பயறு, நெல்லி, கொய்யா ஆகியவை நார்ச்சத்தோடும் பிற சத்துகளோடும் சேர்ந்து ஆன்டிஆக்சிடன்டுகளைத் தருகின்றன. மஞ்சள் அன்றாடக் குழம்பிலேயே இருக்கிறது. மங்குஸ்தானைப் பற்றிப் பெரிதாகப் பேசப்படும் பொருள்கள் அதன் தோலில்தான் மிகுதி. உண்ணும் வெண்சுளை இனிப்புப் பழமே. அளவாக உண்ணலாம், மருந்தென்று எண்ணி மிகையாக உண்ணலாகாது. தேன்நெல்லியைப் பொறுத்தவரை, தேன் விலக்கும் மரபினருக்கு ஐயமே இல்லை. நீரிழிவு உடைய மற்றவர்களும் தேன் என்பது பெரும்பாலும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நீரிழிவின் வாயிலில் இருந்த எட்டு ஆடவரைக் கொண்டு அமெரிக்காவில் நடைபெற்று 2018-இல் வெளிவந்த சிற்றாய்வில், பிற்பகல் மூன்று மணிக்குள் அன்றைய உணவை முடித்துக்கொண்ட ஐந்து வாரங்களில் எடை குறையாமலே இன்சுலினின் திறன் கூடியது. ஆக்சிஜனேற்றச் சிதைவின் ஓர் அளவீடும் தாழ்ந்தது. எட்டே பேரைக் கொண்ட ஆய்வு ஆதலின் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. முன்னிரவுக்கு முன் உண்ணும் மரபு நீரிழிவுக்குப் பகையன்று என்று துணியலாம். ஆயினும் இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் தம் உணவு நேரத்தையும் உண்ணாநோன்பு நாள்களையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரவில் வியர்த்து, நடுங்கி, சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அப்போது பருகும் சர்க்கரை நீர் உயிர்காக்கும் மருந்து. அதை இல்லத்தார் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

நடையின் பயனுக்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் இருந்தவர்களுள் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, உணவைத் திருத்திக்கொண்டவர்களுள் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. நடைக்கு விலையில்லை, குளிகையும் வேண்டியதில்லை.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. விலையின்றிக் கிடைத்துப் பயனும் மெய்ப்பிக்கப்பட்ட அந்த மாத்திரை பெட்டியிலேயே கிடக்க, விலை கொடுத்து வாங்கிய, பயன் மெய்ப்பிக்கப்படாத புட்டி நாள்தோறும் திறக்கப்படுமாயின், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. எனவே அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுதல் வேண்டும். எவை தொடர வேண்டும், எவை வேண்டா, எச்பிஏ1சி எவ்வளவு, பி12 எவ்வளவு, கண்ணும் காலும் சிறுநீரும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன என்று கேட்டறிதல் வேண்டும். பெரியோர்க்கு இதில் தயக்கம் இருந்தால் வீட்டிலுள்ள இளையோர் உடன் சென்று கேட்பார்களாக.

அனைவரும் நோயற்று வாழ்க. அறம் வளர்க.