ஒரு செமஸ்டர் ஜெர்மனியில்: முதல் மாசமும் கடைசி மாசமும்



வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களுக்குச் சிக்கனம் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் நம் சங்கச் செயலாளர். நான் ஒரு செமஸ்டர் இருந்தது டிரெஸ்டன் நகரில். ஆகவே ஜெர்மனியை வைத்தே பேசுகிறேன்.

சிக்கனம் என்றால் நம் பிள்ளைகள் முதலில் கை வைப்பது வயிற்றில்தான். மூன்று யூரோ என்று எழுதியிருந்தால் மனசு உடனே நூறால் பெருக்கிவிடும். "முந்நூறு ரூபாய்க்கு ஒரு சாப்பாடா!" என்று பிரெட்டைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பல்கலைக்கழக உணவகத்தை அங்கே மென்சா என்பார்கள். மாணவர் விலை மூன்று, நான்கு யூரோவுக்குள் வயிறு நிறையச் சூடான சாப்பாடு. அதை விட்டுவிட்டு நவம்பர் குளிரில் காய்ச்சலில் படுப்பது சிக்கனமே அல்ல. பணம் போகிற வழி வேறு. முதல் மாசமும் கடைசி மாசமும்தான் அதை முடிவு செய்கின்றன. நடுவில் உள்ள மாசங்கள் தாமாக ஓடிவிடும்.

உதவித்தொகை இல்லாதவர்கள் விசாவுக்காக, தங்கும் மாசங்களுக்கு மாசம் 992 யூரோ வீதம் பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்டுவது வழக்கம். இது 2024 செப்டம்பரில் வந்த தொகை. போகும் முன் தூதரகத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பெயரே சொல்கிறதே, பூட்டிய கணக்கு! மாசம் 992-க்கு மேல் எடுக்க முடியாது. அதையும் அங்கே போய், வங்கிக் கணக்கு திறந்து, காகிதமெல்லாம் கொடுத்த பிறகுதான் எடுக்கலாம்.

இப்போது முதல் மாசத்தைப் பாருங்கள். விடுதி அட்வான்ஸ் 400, வாடகை 300, செமஸ்டர் கட்டணம் 300, மருத்துவக் காப்பீடு 140 என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1140 ஆகிவிட்டது. இன்னும் போர்வை வாங்கவில்லை, பாத்திரம் வாங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. கணக்கில் பணம் இருக்கும், கையில் இராது. இந்த இடைவெளியில்தான் பையன் சீனியரிடம் கடன் கேட்கிறான், இல்லையென்றால் வீட்டுக்குப் போன் போடுகிறான். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. பூட்டிய பணம் போக, 1500 யூரோவாவது தனியாகக் கையில் இருக்கட்டும் என்பது என் கணக்கு. அதை மொத்த நோட்டாகச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். பெரும்பகுதி பாரக்ஸ் கார்டில் இருக்கலாம். அங்கே ஏடிஎம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று அன்பாகக் கேட்கும். யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போய்விடும்.

விடுதிக்கு, இங்கே அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். மாணவர் சேவை அமைப்பின் விடுதிக்கு நீண்ட வரிசை இருக்கும். ம்யூனிக்கில் தனியார் அறை 700 யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். டிரெஸ்டன், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் அதில் பாதிக்கே அறை கிடைக்கும். ஊரைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், ஆறு மாசச் சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதைவிட அந்த ஒரு தேர்வில் அதிகம் மிஞ்சும். அறையைப் பார்க்காமல், சாவி வாங்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்பவன் திருடன்.

பயணத்துக்குக் கவலை இல்லை. நாடு முழுதும் சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாசச் சீட்டு 2025-இல் 58 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் அதுவே மாணவருக்கு 34.80 என்று செமஸ்டர் கட்டணத்திலேயே சேர்ந்திருந்தது. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தனியாகச் சீட்டு வாங்குங்கள். அதிவேக ஐசிஇ ரயிலில் அது செல்லாது.

சமையலுக்கு ஒரு சின்னக் குக்கர், சாம்பார் பொடி, ரசப் பொடி போதும். துருக்கிக் கடையில் சிவப்பு மைசூர்ப் பருப்பு மலிவு. சாம்பார் நன்றாகவே வரும். நெய், பால்கோவா எடுத்துப் போக வேண்டாம். வெளியிலிருந்து வரும் பால் பொருளை ஐரோப்பிய எல்லையில் விடமாட்டார்கள், குப்பையில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. சனிக்கிழமையே ஆல்டியிலோ லிடிலிலோ வாங்கிவிடுங்கள். மறந்தால் ரயில் நிலையக் கடைதான் கதி, அங்கே விலை கூடுதல். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். காலியைத் திருப்பிப் போட்டால் அந்தக் காசு வந்துவிடும்.

ரேடியோ, டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், மாசம் 18.36. "என்னிடம் டிவியே இல்லையே" என்று கிழித்துப் போட்டால் அபராதத்தோடு மறுபடி வரும். அது ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்திருக்கும் வீடானால் ஒருவர் கட்டி, மற்றவர்கள் பங்கு கொடுத்தால் போதும்.

கடைசி மாசத்துக்கு வருகிறேன். அட்வான்ஸ் திரும்புமா என்பது நீங்கள் குடிபோன அன்றே முடிவாகிற விஷயம். சுவரில் கீறல், மேசையில் கறை எதுவானாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து, ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போனுக்குப் பிரிபெய்ட் சிம் போதும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஊர் திரும்பிய பிறகும் பில் வரும். நகராட்சி அலுவலகத்தில் ஊரை விட்டுப் போவதாகப் பதிந்துகொள்ளுங்கள். ரேடியோ கட்டணத்தை நிறுத்த அந்தத் தாளைக் கேட்பார்கள். அட்வான்ஸ் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். அது வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விசா, காப்பீடு பற்றிக் கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள்.