பாட்டு வாத்தியாராக எங்கே படிப்பது?



இசையின் பெருமையைப் பற்றிப் பேசச் சொன்னார் இந்த இசைமன்றத்தின் செயலாளர். அதைப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். இன்று இந்த விழாவில் பரிசு வாங்கிய பிள்ளைகளில் சிலர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, பாட்டு டீச்சராக வேண்டும் என்ற ஆசையோடு நிற்கிறார்கள். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று அவர்கள் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேச்சில் வழக்கமாக வருவது இரண்டு கேள்விதான். "எந்தக் காலேஜுக்குப் பேர் அதிகம்?" இது பிள்ளை கேட்பது. "படிச்சா வேலை கிடைக்குமா?" இது அப்பா கேட்பது. இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால், ஆசிரியராகப் போகிறவருக்கு இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதை அந்தக் கல்லூரி கற்றுத் தருகிறதா? இதை யாருமே கேட்பதில்லை.

பெரிய வித்வான்கள் கல்லூரியில் பாடம் நடத்திய மரபு நமக்கு உண்டு. சென்னை மியூசிக் அகாடமி 1931-லேயே இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல்வராக இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அதற்குப் பின் கலாக்ஷேத்திராவிலும் அவர் பாடம் நடத்தினார். இனிமையான சாரீரம் என்று அவரை யாரும் புகழ்ந்ததில்லை. கரடுமுரடான குரல்தான். ஆனால் அந்தக் குரலிடம் பாடம் கேட்டுத்தான் எம்.டி. ராமநாதன் போன்றவர்கள் உருவானார்கள். 1949-ல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அங்கே ஆசிரியராக இருந்தார். இவர்களைச் சொல்லும்போதே கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளைகளே, பழைய பேரைப் பார்த்து இன்றைய கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்றைக்கு அந்த அறையில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைப் பாருங்கள்.

கற்றுக்கொடுக்கக் கற்பது என்று நான் எதைச் சொல்கிறேன்? ஆறாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகள். மதியச் சாப்பாடு முடிந்த பாடவேளை. ஆசிரியர் ஆண், அவர் சுருதி 1 கட்டை. கல்லூரியில் பாடிப் பழகிய அதே சுருதியில் மாயாமாளவகௌளையைத் தொடங்கி, சரளி வரிசை முதல் வரியைப் பாடிக் காட்டுகிறார். பிள்ளைகளின் குரலுக்கு அந்த ஷட்ஜம் பாதாளம். பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். மீதிப் பேர் அடித்தொண்டையில் உறுமுகிறார்கள். மேல் ஷட்ஜம் வரும்போது இரண்டு பேர் கத்துகிறார்கள், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். "உங்களுக்கு ஞானமே இல்லை" என்று ஆசிரியர் சலித்துக்கொள்கிறார். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. சுருதிப் பெட்டியை 5 கட்டைக்கு ஏற்றி, ஆசிரியர் தன் குரலை அதற்குத் தகுந்த ஸ்தாயியில் வைத்துக்கொண்டு, நன்றாகப் பாடும் ஒரு சிறுமியை முன்னால் நிறுத்தி அவளைப் பாட வைத்தால், அதே ஐம்பது பேரும் ஐந்தே நிமிடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். இது கச்சேரி ஞானத்தால் வருவதில்லை. யாராவது சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும். குரல்வளை வளர்கிறது, குரல்நாண் நீள்கிறது, நேற்றுவரை எட்டிய ஸ்வரம் இன்று எட்டாமல் வழுக்குகிறது. விழாவில் தனியாகப் பாடிய பையன் திடீரென்று பாட முடியாமல் நிற்பான். அந்த நேரத்தில் "நீ பின்னால போய் உட்காரு" என்று ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டால், அவன் அதற்குப் பிறகு பாடவே மாட்டான். இந்த ஊரில் நாற்பது, ஐம்பது வயது ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசுல நல்லாப் பாடுவேன் சார், அப்புறம் விட்டுட்டேன்" என்பார்கள். விட்டதல்ல ஐயா, விடவைக்கப்பட்டது! அந்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு அவனைச் சின்ன எல்லைக்குள், தணிந்த குரலில் பாட வைக்கலாம்; தாளம் போட வைக்கலாம். வாயை மட்டும் மூட வைக்கக் கூடாது. குரலின் உடற்கூறு தெரிந்த ஆசிரியருக்கே இது தெரியும். நாள் முழுக்க வகுப்பில் கத்திப் பாடி, ஆசிரியரின் தொண்டையும் கெட்டுப் போவது தனிக் கதை. தன் குரலைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியையும் கல்லூரியிலேயே படித்துவிட வேண்டும்.

அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கை நடக்கும் நாளில் மட்டும் கல்லூரிக்குப் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு போய் ஒரு வகுப்பில் பின்னால் உட்காருங்கள். ஆசிரியர் பாடுகிறார், எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுகிறார்கள், மணி அடித்தது, கலைந்தார்கள் என்றால் அது போதாது. ஒவ்வொரு மாணவரையும் தனியாகப் பாட வைக்கிறாரா? தப்பு விழுந்த இடத்தில் நிறுத்தி, "காந்தாரம் ஏறிப்போச்சு, மறுபடி வா" என்று திருத்துகிறாரா? பிறகு சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள்: பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி உண்டா? விடுதியில் காலை ஐந்து மணிக்குச் சாதகம் செய்ய விடுவார்களா, வார்டன் கதவைத் தட்டுவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். சாதகத்துக்கு இடமில்லாத இசைக் கல்லூரியில் பட்டம்தான் கிடைக்கும், பாட்டு வராது.

நூலகத்துக்கும் போங்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம், பேராசிரியர் சாம்பமூர்த்தியின் இசை நூல்கள், விபுலானந்தரின் யாழ்நூல் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றைத் தொட்டுப் பாருங்கள். தூசி படிந்திருக்கிறதா, பக்கங்கள் புரட்டிப் புரட்டித் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாடத்திட்டத்தில் தமிழ்ப் பாட்டுக்கு எவ்வளவு இடம் என்றும் பார்க்க வேண்டும். மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் வேண்டும். அவை இல்லாமல் ராகம் பிடிபடாது. ஆனால் நம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, தனக்குப் புரிகிற சொல்லில் பாட்டு வந்தால்தான் வாய் திறக்கும். தேவாரப் பண்களும், திருப்புகழின் சந்தமும், முத்துத் தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், பாரதியும், நம் நாட்டுப்புறப் பாட்டும் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் போன்றவர்கள் முன்நின்று 1943-ல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தானே!

இனி, எங்கெங்கே படிக்கலாம்? சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் இராணி மேரிக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையும் கலாக்ஷேத்திராவும், திருச்சியில் கலைக்காவிரி என்று வழிகள் பல. 2013-ல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசையோ தேவாரமோ மூன்றாண்டு படித்துவிட்டும் மேலே போகலாம்.

ஆனால் சான்றிதழில் கவனம் வேண்டும். இசைக் கலைமணி பட்டயம், இளங்கலைப் பட்டம், ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி மூன்றும் ஒன்றல்ல. கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியராக வேண்டுமென்றால் இசையில் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ கேட்பார்கள். பட்டயம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாநில அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையில் என்ன தகுதி சொல்லியிருக்கிறது என்பதைச் சேருமுன் எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

வேலை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் சிறப்பாசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த 1,325 இடங்களில் இசைக்கு 86 இடங்கள்தான். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பாருங்கள். அங்கே கர்நாடக சங்கீதம் பள்ளியில் ஒரு பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சை எழுதலாம். மருதனார்மடத்தில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இசை படித்து வருகிறவர்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் ஒரு பாடம் இருக்கிறது. போர் நடந்த மண்ணிலேயே இசையைப் பள்ளிப் பாடமாக வைத்திருக்க முடிந்திருக்கிறது. நம் பிள்ளைகளை மூன்று, நான்கு ஆண்டு படிக்க வைத்துவிட்டு, பள்ளியில் இசைப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதை நாம் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்! மேடையில் இருக்கும் கல்வித்துறை அதிகாரி அவர்களை இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்: இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் இசை ஆசிரியர் இடங்களை நிரப்ப மேலிடத்துக்கு எழுதுங்கள். மன்றத்தின் சார்பில் கையெழுத்துப் போட நாங்கள் தயார்.

பிள்ளைகளே, சேர்க்கைத் தேர்வில் ஒரு வர்ணமாவது இரண்டு காலத்தில் பாடத் தெரிந்திருப்பது நல்லது. வரும் சனிக்கிழமை மாலை இதே மண்டபத்தில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். பாடிக் காட்ட வேண்டியவர்கள் வரலாம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்களும் வரலாம். கட்டணம் ஒன்றும் இல்லை.