பழுது எங்கே?



திருவையாற்றுக் கழனியில் நீர் ஏறவில்லையென்றால், உழவர் உடனே கல்லணையைக் குறை கூறுவதில்லை. தம் வயல் மடையில் தொடங்கி, வாய்க்கால், மதகு என்று கரையோடு நடந்து, நீர் எதுவரை வந்துள்ளது என்று பார்ப்பார். கணினி வலையமைப்பின் பழுதையும் அவ்வாறே தேடவேண்டும்.

தேர்வு விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளன்று எங்கள் பள்ளியில் இணையம் நின்றது. பதற்றத்தில் அதையும் இதையும் மாற்றினோம், குழப்பமே மிகுந்தது. மாணவன் ஒருவன் அவற்றை முன்போல் வைத்து, ‘பிங்’ என்னும் கருவியை இயக்கினான். 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் இயற்றியது அது. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, மறுமொழி வருகிறதா என்று பார்க்கும். கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 விடை தந்தது; ரௌட்டர் எனப்படும் திசைவி தரவில்லை. ஆகவே பழுது அறைக்குள்ளேயே இருந்தது. வடத்தை மாற்றினோம், விண்ணப்பங்கள் சென்றன.

திசைவி விடை தந்தால், அடுத்து வெளியிலுள்ள எண்முகவரியைச் சோதிக்கலாம். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்கு மட்டும் வராவிடில், பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ். சேவையைப் பார்க்கவேண்டும். சில கணினிகள் பிங்குக்கு விடை தராதவாறே அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

அருகிலிருந்து தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்து வையுங்கள். பதற்றம் பழுதைப் பெருக்கும். பொறுமை அதன் இடத்தைக் காட்டும்.